ஏகாம்பரத்தின் சட்டைக் காலர்

பியூலா பாப்பாவுக்கு அப்பா எழுதுவது.

மழை பெய்ததா, முருங்கை காய்த்ததா, சபையில் யாருக்குக் கல்யாணம் என்பதையெல்லாம் உன் அம்மா போன வாரக் கடிதத்திலேயே எழுதித் தீர்த்துவிட்டாள். எனக்கு மிச்சம் இருப்பது ஒரே ஒரு சங்கதிதான். எனக்கு உன்மேல் பொறாமையாக இருக்கிறது. பெற்ற பெண்ணைப் பார்த்துத் தகப்பன் பொறாமைப்படலாமா என்று ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முழுக்க யோசித்துக்கொண்டிருந்தேன். போதகர் அன்றைக்கு என்ன பேசினார் என்று கேட்டால் எனக்குத் தெரியாது. பொறாமை கூடாது என்பதைப் பற்றியே பேசியிருந்தாலும் இருக்கலாம்.

நீ அனுப்பிய போட்டோவை அம்மா ஷோகேஸில் வைத்திருக்கிறாள். கறுப்புக் கோட்டு, இடுப்பில் பளபளவென்று ஒரு பேட்ஜ், கையில் லைசென்ஸ் அட்டை. போகும்போதும் வரும்போதும் அதை எடுத்துப் பார்க்கிறேன். கேஸ் முடியும்வரை ஒரு ஆளை வெளியே விடுவதற்கு நீ இருக்கிற நாட்டில் கம்பெனியே ஜாமீன் நிற்குமாம், அந்த ஆள் சொன்ன தேதிக்கு வராமல் ஓடிப்போனால் கம்பெனி ஆளே தேடிப் போய்ப் பிடித்துவரலாமாம், அதற்கு நீ பரீட்சை எழுதிப் பாஸ் செய்திருக்கிறாயாம். நானோ எஸ்.எஸ்.எல்.சி.யை இரண்டு தடவை எழுதி இரண்டு தடவையும் கணக்கில் கவிழ்ந்தவன். நீ லைசென்ஸ் வாங்கிச் செய்கிற இதே வேலைக்கு எனக்குக் கிடைத்ததெல்லாம் ரேஷன் கார்டில் ஒரு ஊதா முத்திரை. போகட்டும், அட்டையில் என் பெயராவது இருக்கிறதா என்று பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். முதலில் உன் பெயர், அதற்குப் பின்னால் மாப்பிள்ளை பெயர், அவ்வளவுதான். இருபத்துநாலு வருஷம் உன் பெயருக்கு முன்னால் ஒற்றை எழுத்தாக நின்றேன். அந்த எழுத்தைக்கூட இறக்கிவிட்டீர்கள்.

சிரிக்காதே. இப்போது சொல்லப்போவதை நான் போனிலேயே சொல்லியிருக்க வேண்டும். அன்றைக்கு நீ பக்கத்து வீட்டு நம்பருக்குக் கூப்பிட்டபோது, அவர்கள் வீடே சாப்பாட்டுத் தட்டோடு உட்கார்ந்து என் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தது. நீ அங்கே மூச்சுவிடாமல் பேசினாய். "ஏன் இந்த வேலைக்கு வர்றேன்னு இன்டர்வியூல கேட்டாங்கப்பா. எங்கப்பா லைசென்ஸ் இல்லாமலே ஒருத்தனைத் தேடிப் பிடிச்சு, காலரைப் புடிச்சு இழுத்துட்டு வந்து கோர்ட்ல நிறுத்தினவருன்னு சொன்னேன். எல்லாரும் கை தட்டினாங்க." எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. அதோடு நீ நிறுத்தியிருக்கலாம். "ஈஸ்டர் முடிஞ்சதும் என் மொத ஆளப் புடிக்கப் போறேன். கூட வர்றவர் லீவு. பரவால்ல, நான் தனியாவே போயிடுவேன். நீங்க தனியாத்தானே போனீங்க?" என்றாய். நான் ஒரு நொடி யோசித்தேன். பக்கத்து வீட்டுக்காரர் தட்டில் கை வைத்தபடி என்னைப் பார்த்தார். "ஆமா பாப்பா" என்று சொல்லிவிட்டேன்.

அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. ஈஸ்டருக்கு இன்னும் மூன்று வாரம் இருக்கிறது, ஏர்மெயில் பத்து நாளில் வந்துவிடும் என்று தபாலாபீஸில் சத்தியம் செய்கிறார்கள். அதனால் இதை உட்கார்ந்து படி. நான் தனியாகப் போகவில்லை. பிடிக்கவும் இல்லை.

நீ ஒன்பதாவது படித்த வருஷம் அது. குரோம்பேட்டைத் தோல் கம்பெனியில் நான் ஸ்டோர் கீப்பர். கம்பெனி வேன் ஓட்டிய ஏகாம்பரத்தை உனக்கு நினைவிருக்கும், ஒல்லியாக, எப்போதும் சட்டையில் மடிப்புக் கலையாமல் இருப்பான். அவன் பல்லாவரத்தில் முட்டைக்கூடை கட்டிய ஒரு சைக்கிளை இடித்துவிட்டான். முட்டைக்காரருக்குக் கால் முறிந்தது, முட்டைகளைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. போலீஸ் இவனைக் கொண்டுபோய் உட்காரவைத்தது. ஜாமீனுக்குச் சொந்த வீடு உள்ள ஆள் வேண்டும் என்று வக்கீல் குமாஸ்தா கம்பெனி வாசலுக்கு வந்தார். வந்தவர் நேராக ஃபோர்மேன் தேவராஜிடம் போய், "சார், உங்களமாரி பெரிய மனுசங்க கையெழுத்துப் போட்டா போதும் சார்" என்றார்.

அந்தப் 'பெரிய மனுசங்க'தான் என்னைக் கெடுத்தது. கிழக்குத் தாம்பரத்தில் தேவராஜுக்கு மொட்டை மாடி வைத்த வீடு. முடிச்சூரில் வயல் நடுவே நானும் ஒரு ஓட்டு வீடு கட்டி, முதல் வீட்டு வரி ரசீதைப் பையிலேயே வைத்துக்கொண்டு, யாராவது கேட்க மாட்டார்களா என்று அலைந்துகொண்டிருந்த காலம். தேவராஜ் மோவாயைச் சொறிந்துகொண்டே யோசித்தார். அவர் சரி என்று சொல்லிவிட்டால் அந்தப் பெருமையும் அவருக்கே போய்விடுமே என்று எனக்குப் பதறியது. "நான் நிக்கறேன். எனக்கும் சொந்த வீடு இருக்கு" என்று ரசீதை உருவி எடுத்தேன். ஏகாம்பரத்தின்மேல் இரக்கப்பட்டு நான் ஜாமீன் நின்றதாக நீ உன் ஆபீஸில் சொல்லியிருப்பாய். இல்லை பாப்பா. ஃபோர்மேன்மேல் இருந்த பொறாமையில் நின்றேன்.

கோர்ட்டில் ரேஷன் கார்டை வாங்கி, இன்ன கேஸுக்கு இவர் ஜாமீன் என்று எழுதி, முத்திரை குத்திக் கொடுத்தார்கள். அதே கார்டை வைத்து ஒருவன் பத்துப் பேருக்கு ஜாமீன் நின்றுவிடக் கூடாதே, அதற்காக. நான் அதை ஏதோ பட்டம் வாங்கியதுபோல் வாங்கிக்கொண்டு வந்தேன். அம்மாவிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவள் அந்த மாதம் சர்க்கரை வாங்கப் போனபோது கடைக்காரர் கார்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, நாற்பது பேர் நிற்கிற வரிசையில், "இன்னாமா, கோர்ட்டு சீலு கீது? வூட்டுக்காரரு உள்ளயா, வெளியவா?" என்று கேட்டிருக்கிறார். அம்மா வீட்டுக்கு வந்து சர்க்கரையைக் கொட்டிவைத்துவிட்டு, எட்டு நாள் என்னோடு உன் வாயால்தான் பேசினாள். "அப்பாவை சாப்பிடச் சொல்லு" என்பாள், நான் அவள் எதிரிலேயே உட்கார்ந்திருப்பேன். உனக்கு அது விளையாட்டாக இருந்திருக்கும்.

அதற்குப் பிறகு ஏகாம்பரம் தேதியைத் தப்பாக நினைவு வைத்துக்கொண்டு முதல் வாய்தாவுக்கு வரவில்லை. கம்பெனியும் அவனை வேலையிலிருந்து நிறுத்திவிட்டது. அடுத்த வாய்தாவுக்குப் பயந்துகொண்டு வரவில்லை. அவனுக்கு வாரண்டு வந்தது, எனக்கு நோட்டீஸ் வந்தது. கோர்ட்டில் போய் நின்றேன். "பதினைந்து நாளில் ஆளைக் கொண்டுவர வேண்டும். இல்லையென்றால் நீங்கள்தான் பதில் சொல்ல வேண்டும்" என்றார் மாஜிஸ்திரேட். பையில் இருந்த வீட்டு வரி ரசீது அன்றைக்குத்தான் முதல்முறையாகக் கனத்தது. வெளியே வந்தால் தேவராஜ் டீ வாங்கிக் கொடுத்தார். டீயைவிட அவர் முகத்தில் இருந்த நிம்மதிதான் எனக்குக் கசந்தது.

என் வேட்டையைக் கேள். ஏகாம்பரத்தின் வீடு பள்ளிக்கரணையில், சதுப்பு ஓரமாக. நான் லீவு போட்டேன். கூலிங் கிளாஸ் ஒன்று வாங்கினேன், தலையில் துண்டைக் கட்டினேன். அவன் தெருமுனை டீக்கடையில் தினத்தாளை முகத்துக்கு நேரே விரித்துவைத்து உட்கார்ந்தேன். நானே மெச்சிக்கொள்ளும்படி இருந்தது மாறுவேஷம். ஐந்து நிமிஷம் ஆகியிருக்கும், டீ மாஸ்டர் வந்து, "இன்னா சார், ஏகாம்பரத்தத் தேடிக்கினு வந்தியா? நீ வந்தா, அவன் ஊர்ல இல்லன்னு சொல்லச் சொல்லிக்கீறான்" என்றார். "எங்கே போயிருக்கான்?" என்றேன். "அத்த சொல்ல வாணாம்னான்." பெஞ்சில் இருந்த நாலு பேரும் சிரித்தார்கள். "பேப்பர தலகீயா புடிச்சிகினுகீற சார்" என்றான் ஒருவன்.

மானம் போனபோது மனுஷன் என்ன செய்வான்? நான் எழுந்து நின்று சத்தம் போட்டேன். "அந்த முட்டைக்காரர் பிழைக்க மாட்டாராம்! ஆஸ்பத்திரியில் கைவிட்டுட்டாங்க! இவன் இந்த வாரத்துக்குள்ள வரலன்னா கொலைக் கேஸ், தூக்குதான்! போய்ச் சொல்லுங்க!" என்றேன். ஒருவரும் சிரிக்கவில்லை. நானும் சைக்கிளைத் திருப்பிக்கொண்டு ஜம்பமாகக் கிளம்பினேன், குறுக்கு வழி என்று நினைத்து ஏரிக்கரைச் சேற்றில் இறங்கினேன், ஒரு செருப்பை அங்கேயே விட்டுவிட்டு வந்தேன். நான் சேறோடு வந்த கோலத்தைப் பார்த்து, அப்பா யாரோடோ கட்டிப் புரண்டிருக்கிறார் என்று நீ உன் சிநேகிதிகளிடம் சொன்னாயாம். நான் மறுக்கவில்லை.

இப்போது வெட்கத்தை விட்டு எழுதுகிறேன். முட்டைக்காரர் உயிரோடு இருக்கிறார் என்று எனக்கு நன்றாகத் தெரியும். கால் கட்டோடு தாம்பரம் மார்க்கெட்டில் பழைய இடத்திலேயே உட்கார்ந்து வியாபாரம் செய்துகொண்டிருந்தார். அம்மா அவரிடம்தான் முட்டை வாங்குவாள். அன்றைக்குக் காலையில் அவர் விற்ற முட்டையில் போட்ட ஆம்லெட்டைத் தின்றுவிட்டுப் போய்த்தான் அவர் பிழைக்க மாட்டார் என்று கத்திவிட்டு வந்தேன். பயமுறுத்தினால் வந்துவிடுவான் என்று என் கணக்கு. நான் கணக்கில் எப்படி என்பதுதான் உனக்குத் தெரியுமே. அதுவரை அந்தத் தெருவிலேயே மச்சான் வீட்டில் படுத்துக்கொண்டிருந்தவன், அன்று சாயங்காலமே எங்கேயோ போய் மறைந்துவிட்டான்.

மாஜிஸ்திரேட் கொடுத்த பதினைந்து நாளில் பத்து நாள் ஓடிவிட்டது. அம்மா அதற்குள் என்னோடு நேராகவே பேச ஆரம்பித்திருந்தாள். "ஆளைத் தேடாதீங்க. ஆள் ஓடும். ரேஷன் கார்டு ஓடாது" என்றாள். எனக்கு அது ஒன்றும் விளங்கவில்லை, கோபம்தான் வந்தது. அடுத்த நாள் அவள் நம் கிருஷ்ணாயில் டின்னைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறி, பள்ளிக்கரணை ரேஷன் கடை வரிசையில் போய் நின்றாள். நம் கார்டுக்கு அங்கே ஒரு சொட்டு ஊற்ற மாட்டார்கள் என்று அவளுக்குத் தெரியும். அவளுக்கு வேண்டியது வரிசை. புருஷன் எங்கே ஒளிந்தாலும் அடுப்புக்கு எண்ணெய் வாங்கப் பெண்டாட்டி அந்தக் கடைக்குத்தான் வந்தாக வேண்டும். ஏகாம்பரத்தின் மனைவி கன்னியம்மா கைக்குழந்தையோடு வந்தாள். அம்மா அவளுக்குத் தன் இடத்தைக் கொடுத்துக் குழந்தையை வாங்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள். மூன்று மணி நேரம். உன் புருஷன் எங்கே என்று ஒரு தடவைகூடக் கேட்கவில்லையாம். "அவர் ராத்திரி தூங்கறாராம்மா?" என்று மட்டும் கேட்டிருக்கிறாள்.

கன்னியம்மா அங்கேயே உடைந்துவிட்டாள். "எங்கக்கா தூங்குது? அந்தாளு செத்துட்டான், உன்னத் தூக்குல போட்ருவாங்கன்னு எவனோ கண்ணாடி போட்டவன் வந்து கத்திட்டுப் போய்க்கீறான். சோறு துன்ன மாட்டேங்குது, எங்கனா போயி வியுந்துடுவேன்னு சொல்லுதுக்கா." அந்தக் கண்ணாடி போட்டவன் யார் என்று உன் அம்மாவுக்கு அந்த நிமிஷமே தெரிந்திருக்கும். அவள் அதைச் சொல்லிக் காட்டவில்லை. கன்னியம்மாவை அப்படியே பஸ் ஏற்றித் தாம்பரம் மார்க்கெட்டுக்குக் கூட்டிவந்து முட்டைக்காரர் முன்னால் நிறுத்தினாள். "இவர்தாம்மா செத்துப்போனவர். பேசிப் பாரு" என்றாள். முட்டைக்காரர், "யாரு செத்தது? ஒரு டஜன் வாங்கிட்டுப் போ தாயி, கால் இன்னும் வலிக்குது" என்றாராம். இதையெல்லாம் அம்மா எனக்குச் சொல்லவில்லை பாப்பா. கன்னியம்மா சொல்லித்தான் பிற்பாடு தெரியும். நான் போட்ட அந்தச் சத்தம் ஒரு குடும்பத்தை எந்த விளிம்புவரை தள்ளிவிட்டது என்பதும் அப்போதுதான் தெரியும்.

திங்கட்கிழமை காலை ஏழு மணிக்கு ஏகாம்பரம் நம் வீட்டு வாசலில் நின்றான். இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை, நெற்றியில் விபூதி. என்னைப் பார்க்காமல், "அக்கா, வந்துட்டேன்" என்றான். என் வீடு, என் ஜாமீன், என் நோட்டீஸ், ஆனால் அவன் வந்தது அக்காவிடம். அவள் இட்லி வைத்தாள். ஆறு இட்லி தின்றான். நான் சுவரோரமாக நின்று எண்ணிக்கொண்டிருந்தேன். சினேகம் பிடிக்கும் வித்தை ஒன்று இவளிடம் இருக்கிறது, எனக்கு அது இல்லை, என் வாழ்நாளில் வராது என்று அன்றைக்குத் தெரிந்துகொண்டேன். அதைத் தாங்கிக்கொள்கிற அளவுக்கு நான் பெரிய மனுஷன் இல்லை.

இரண்டு பேரும் கோர்ட்டுக்கு நடந்தோம். பழைய சினேகிதர்கள்போல் பேசிக்கொண்டுதான் போனோம், அவன் குழந்தைக்குப் பல் முளைப்பதைப் பற்றி. கோர்ட் வாசல் கண்ணுக்குத் தெரிந்தது. அங்கே வக்கீல் குமாஸ்தா நின்றார், பக்கத்தில் தேவராஜ். என்ன நடக்கிறது என்று வேடிக்கை பார்க்க வந்திருந்தார். என் கை தானாகப் போய் ஏகாம்பரத்தின் சட்டைக் காலரைப் பிடித்தது. அவன் திரும்பிப் பார்த்தான். "இன்னா சார் இது? நானே தான வர்றேன்?" என்றான். "சும்மா, பார்வைக்கு. வாசல் வரைக்கும்" என்றேன். "அக்கா மூஞ்சிக்காகப் பொறுத்துக்கிறேன் சார். லூசா புடி, கசங்கிடும்" என்றான்.

அப்போதுதான் நீ வந்தாய். உனக்கு அன்று மத்தியானம்தான் பரீட்சை, முந்தின ராத்திரி படிப்பதற்காகச் சிநேகிதி வீட்டில் தங்கிவிட்டு, அங்கிருந்தே எல்லோரும் சேர்ந்து பள்ளிக்கூடத்துக்கு நடந்து வந்துகொண்டிருந்தீர்கள். ரோட்டுக்கு எதிர்ப்பக்கத்திலிருந்து, "எங்கப்பாடி! எங்கப்பா புடிச்சிட்டாருடி!" என்று கத்தினாய். நானும் பிடியை இறுக்கினேன். இத்தனை வருஷமாக இந்தக் கதையை நான் மாற்றிச் சொல்லாததற்குக் காரணம் அந்தக் குரல்தான். உன் வாயிலிருந்து என் பெயரில் அவ்வளவு சத்தமாக ஒன்று அதற்கு முன்னாலும் வந்ததில்லை, பின்னாலும் வந்ததில்லை. திருப்பிக் கொடுக்க மனசு வரவில்லை.

கேஸ் சின்ன அபராதத்தோடு முடிந்தது. கார்டில் இருந்த முத்திரையைக் கோடு போட்டு அடித்துக் கொடுத்தார்கள். தேவராஜ் கம்பெனி முழுக்கச் சொல்லி எனக்குப் 'போலீஸ்' என்று பட்டப்பெயர் வந்தது. ஏகாம்பரம் இன்றைக்கும் கிறிஸ்துமஸ் தவறாமல் வருகிறான். பள்ளிக்கரணை நண்டு கொண்டுவந்து, "அக்கா இருக்காங்களா?" என்பான். நான் கதவைத் திறந்துவிடுவதோடு சரி. என் முகத்துக்கு நேரே அவன் பேசி வருஷம் பல ஆகிறது. அவன் வந்துபோகும் நாளெல்லாம் என் கை அந்தக் காலரின் மொடமொடப்பை நினைத்துக்கொள்ளும்.

அதனால் பியூலா, உன் இன்டர்வியூவில் கை தட்டு வாங்கியவன் ஒரு டீக்கடையில் பேப்பரைத் தலைகீழாகப் பிடித்தவன். அவனை நம்பி நீ தெரியாத ஊரில் தெரியாத ஒருவன் கதவைத் தனியாகத் தட்டாதே. நான் காலரைப் பிடித்தபோது அந்த ஆள் ஏற்கெனவே இட்லி தின்று முடித்து, மனசு ஆறி, தானாக வந்துகொண்டிருந்தான். உன் ஆள் அப்படி இருக்க மாட்டான். அவன் கையில் என்ன இருக்குமோ. எந்தப் பொய்யைக் கேட்டுப் பயந்து ஓடுகிறான் என்று தெரியாமல் போய் நிற்காதே. அந்த லீவு போட்டவர் வரட்டும். இல்லை, அந்த வேலையே தள்ளிப்போகட்டும். ஆபீஸில் ஏதாவது சொன்னால், எங்கப்பா சொன்னது பொய் என்று சொல்லிவிடு. அந்த ஊரில் என்னைத் தெரிந்தவர்கள் யார் இருக்கிறார்கள்? அவமானப்பட எனக்குத் தாம்பரமே போதும்.

அடுத்த தடவை கூப்பிடும்போது வழக்கம்போல "அப்பாவைக் கூப்பிடுங்க" என்று சொல்லாதே. அம்மாவைக் கேள். உன் தொழிலில் என்ன சந்தேகமோ அவளிடம் கேள். நான் பக்கத்து வீட்டு வாசற்படியில் உட்கார்ந்திருப்பேன். உள்ளே போக மாட்டேன், ஆனால் நீங்கள் இருவரும் என்ன பேசுகிறீர்கள் என்று காது மட்டும் உள்ளே இருக்கும்.

இதை மூன்று நாளாக எழுதுகிறேன். இன்று காலை அம்மா காய் நறுக்கிக்கொண்டே, "காலர் விஷயம் எழுதினீங்களா?" என்று கேட்டாள். எனக்குப் பேனா நின்றுவிட்டது. நான் அவளிடம் அதைச் சொன்னதே இல்லை. "ஏகாம்பரம் அன்னிக்கே சொல்லிட்டான்" என்றாள், தலையைத் தூக்காமல். இத்தனை வருஷம் நீ கதை சொல்லும்போதெல்லாம் பக்கத்திலேயே உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருந்திருக்கிறாள். பிறகு கையைத் துடைத்துக்கொண்டு வந்து, "கீழ கொஞ்சம் இடம் விடுங்க" என்றாள். விட்டிருக்கிறேன். அவள் எழுதியதைப் படித்துப் பார்த்தேன். மூன்று நாளாக நான் சொல்ல வந்ததும் இதுதான். பொறாமையாக இருக்கிறது, ஆனாலும் அழிக்காமல் ஒட்டி அனுப்புகிறேன்.

அப்பா

பாப்பா, தனியாப் போகாதே. போறதுக்கு முன்னால அவன் பொண்டாட்டியையோ அம்மாவையோ போய்ப் பாரு. வெறுங்கையோட போகாதே, அந்தப் பிள்ளைங்களுக்கு ஏதாவது வாங்கிட்டுப் போ. — அம்மா